கம்பனிக்கு ஒரு கதிரை

செல்வபுரம், முல்லைத்தீவு
12.02.2024

அன்புள்ள தம்பி செந்தூரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், அத்தான், பிள்ளை மூவரும் சுகம். அந்தக் குளிரிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். உன்னோடு இனிப் போனில் ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். நண்டுக் கம்பனியில் நடந்ததை மார்கழியில் நீ விசாரித்தபோது, தம்பிதானே கேட்கிறான் என்று வாய் ஓயாமல் சொன்னேன். நீ அதைப் பதிவு செய்து உன்னுடைய ‘குற்றக் கதிரை’ இணைய நிகழ்ச்சியில் போட்டுவிட்டாய். என் குரலைப் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் நானே கேட்டேன். அட பாவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ உலகத்துக்குச் சொன்ன கதை இதுதான். நாயாற்றுப் பக்கம் ஒரு கம்பனி. உள்ளே பெண்கள் அவித்த நண்டில் சதை எடுக்கிறார்கள். மேற்பார்வையாளர் இன்சாப் வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறார். குளிர் அறையின் குழாய் வெடித்து அமோனியா வாயு பரவுகிறது. பிரியந்தினி என்ற இளம் பிள்ளை மூச்சடைத்துச் சாகிறாள். பிறகு நீ குரலைத் தாழ்த்திக் கேட்கிறாய்: “அவர் ஏன் அன்றைக்கு மட்டும் நேரத்தோடு போனார்?” பின்னால் டும் டும் என்று ஒரு மேளம். அந்த இடத்தில்தான் என்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். “ஓம், அண்டைக்கு நானா வேளைக்கே போயிட்டார்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொன்னதைக் காணவில்லை.

நாங்கள் அண்ணன்போல நானா என்று கூப்பிடுகிற இன்சாப்பின் வீடு எங்களுக்கு நாலு வேலி தள்ளி இருக்கிறது. கம்பனி மூடிய பிறகு வாசலில் ஒரு பலசரக்குக் கடை போட்டார். இப்போது அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. அவருடைய மகள் றிஸானா வகுப்புக்குள் காலை வைத்தால் பிள்ளைகள் மேசையில் உன் மேளத்தைத் தட்டுகிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை அவள்.

அதை எடுத்துவிடு, ராசா. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா தாட்சாயினி


ஸ்காபரோ, கனடா
08.03.2024

அன்பின் அக்காவுக்கு,

இங்கே நான் நல்ல சுகம். கோபத்திலும் என் சாப்பாட்டை விசாரித்திருந்தீர்கள், அதைப் பார்த்துச் சிரித்தேன். அத்தானையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கேட்காமல் பதிவு செய்தது பிழைதான். ஆனால் அக்கா, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டியது அவர். சாவி அவரிடம். நேரத்தோடு போனார் என்பதும் உங்கள் வாயால் வந்தது. பொலிசும் அவரைத்தானே விசாரித்தது?

கம்பனியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நிகழ்ச்சியின் பெயரே குற்றக் கதிரை. ஒவ்வொரு கிழமையும் ஓர் ஆளை அந்தக் கதிரையில் இருத்துகிறேன். கம்பனியை எப்படி இருத்துவது? போன வருடம் ஒரு மருந்துக் கம்பனியின் கதையைச் செய்து பார்த்தேன். செத்தவர்கள் அதில்தான் அதிகம். ஆனால் கூட்டம், தீர்மானம், ஒப்புதல் என்று சொல்லத் தொடங்கியதும் நாலாவது நிமிசத்திலேயே ஆட்கள் கழன்றுவிட்டார்கள். இரவில் கேட்டுவிட்டுக் கதவைப் பூட்டிப் படுக்கிறமாதிரி ஒரு முகம் அவர்களுக்கு வேண்டும். இயக்குநர் சபைக்குப் பயந்து யாராவது கதவைப் பூட்டுவார்களா?

இந்தக் கதைதான் இதுவரை நான் செய்ததில் அதிகம் பேர் கேட்டது. ஒரு பெரிய விளம்பரக்காரர் வந்திருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், நாலு கிழமையில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி செந்தூரன்


செல்வபுரம்
02.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அத்தான் நேற்றுத்தான் கடலால் வந்தார், நல்ல மீன்பாடு இல்லை. நீயும் சுகமாக இரு.

அங்கே நாலு கிழமையில் மறந்துவிடுவார்கள், சரி. இங்கே ஒரே பள்ளிக்கூடம், ஒரே சந்தை, ஒரே றோட்டு. யார் மறப்பது? நீ வெட்டிய மிச்சத்தை எழுதுகிறேன், கேள். “அண்டைக்கு நானா வேளைக்கே போயிட்டார். நாங்கள்தான் போகச் சொன்னனாங்கள், கந்தூரிச் சோறு முடியப்போகுது எண்டு.” இதுதான் நான் சொன்னது.

உனக்குக் கந்தூரி தெரியாதா? பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகச் சமைத்து வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுப்பார்கள். கந்தூரி என்றால் நானா கம்பனியில் வேலை செய்த எங்களுக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். ஜும்ஆத் தொழுகை முடிந்து போனால் இறைச்சி இருக்காது, வெறும் சோறுதான். அதனால் பெட்டையள் எல்லாரும் சேர்ந்து அவரைத் துரத்தினார்கள். “நானா, உங்களைக் கும்பிட்டம், நேரத்தோட போங்கோ, எங்களுக்கு எலும்பில்லாத துண்டாப் பாத்து வாங்கோ” என்றவளே பிரியந்தினிதான். இதைத்தான் நீ சதித்திட்டம் என்று மேளம் அடித்திருக்கிறாய்.

கதவைப் பூட்டச் சொன்னது கொழும்புத் தலைமையகம். நண்டுச் சதை களவு போகிறதாம். வேலை நேரம் முழுக்கப் பூட்டு, சாவி மேற்பார்வையாளரிடம் மட்டும். உள்ளுக்கு ஒரு சாவி தாருங்கள் என்று நானா கேட்டார், தரவில்லை. வாயு கசிந்தால் அடிக்கிற மணி ஒன்று இருந்தது. அது அடிக்கடி அடித்து வேலை நின்றது. குழாயைத் திருத்தாமல் மணியைக் கழற்றிவிட்டார்கள். யார் கழற்றச் சொன்னது என்று கேட்டால் ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள், கூட்டத்தில் தீர்மானித்ததாம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எத்தனை பேரோ, ஒருவரின் பெயராவது உன் நிகழ்ச்சியில் வந்ததா?

வருசப் பிறப்பு வருகிறது, ஒரு நல்ல பதிலாக எழுது.

அக்கா


ஸ்காபரோ
05.05.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். வருசத்துக்கு வாழ்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன், குறை நினைக்காதீர்கள். பிள்ளைக்குச் சொக்கிலேற் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எடுத்துவிடலாம் என்றால் விளம்பரக்காரரோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. அடியில் ஒரு சிறு குறிப்புப் போடுகிறேன். அதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது: இன்சாப்பையே கதைக்க வைப்போம். ‘கதிரையில் இருந்தவர் வாய் திறக்கிறார்.’ அவருடைய பக்கத்தை அவரே சொல்லட்டும். கொஞ்சம் அழுதாலும் நல்லது. நீங்கள் கேட்டுப் பார்க்கிறீர்களா?

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

தம்பி


செல்வபுரம்
30.05.2024

தம்பிக்கு,

சுகம்.

போய்க் கேட்டேன். என் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நானாவின் மனைவி ஜொஹறா தேத்தண்ணி தந்தா. வழக்கமாக என்னோடு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை எல்லாம் கதைக்கிறவ, அன்றைக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டு விருந்தாளிபோல என்னை முன்னறையில் இருத்தினா. றிஸானா இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை.

நானா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தங்கச்சி, தொண்ணூறில முஸ்லிம் சனம் எல்லாத்தையும் போகச் சொன்னப்ப, நான் சின்னப் பிள்ளையா வாப்பாவின்ர தோளில இருந்து இந்த ஊரை விட்டுப் போனனான். அப்ப போகச் சொன்னவங்க வாசல்ல வந்து நிண்டு சொன்னாங்க. புத்தளத்தில வளந்து, கலியாணம் முடிச்சு, திரும்பி வந்து காடு வெட்டி வீடு கட்டினம். இந்த முறை ஒருத்தரும் வந்து போகச் சொல்லேல்ல. ஆனாப் போகத்தான் வேணும்போல கிடக்கு. யாரோட போய் நியாயம் கதைக்கிறது?”

லொறி பார்க்கச் சொல்லியிருக்கிறார். கடைச் சாமான் தீர்ந்ததும், மாரிக்கு முதல் புத்தளம் போய்விடுவார்கள்.

அவர் அழவில்லை. உனக்கு அது உதவாது.

தாட்சாயினி


செல்வபுரம்
16.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? ஆனி முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியது காணாமல் போயிற்றோ, நீ எழுதவில்லையோ தெரியாது.

நாங்கள் சுகம். போன கிழமை அத்தானோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். சும்மாதான், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை உன் சொக்கிலேற்றில் பாதியை றிஸானாவுக்குக் கொண்டுபோனாள். யார் அனுப்பியது என்று சொல்லாதே என்று சொல்லிவிட்டேன்.

கோபமென்றால் கோபமென்று எழுது. சும்மா இருக்காதே.

அக்கா


ஸ்காபரோ
11.08.2024

என் அக்காவுக்கு,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உங்களுக்கு எப்படி? இந்த முறை உண்மையான பதில் வேண்டும்.

நான் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். நீங்கள் எழுதிய அந்த முழு வசனம் உண்மையா என்று பார்க்க, மார்கழியில் நாம் கதைத்த மூலப் பதிவைத் தேடி எடுத்தேன். கந்தூரி இருந்தது. பிரியந்தினி கேட்ட துண்டும் இருந்தது. நானே வெட்டியிருக்கிறேன்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அக்கா, பதிவு முழுக்க நீங்கள் இருமுகிறீர்கள். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில், சில நேரம் ஒரு சொல்லுக்கு நடுவில். நிகழ்ச்சிக்காகத் துப்புரவாக்கியபோது தேவையில்லாத சத்தம் என்று நினைத்து எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். ஒருநாள் முழுக்க வேலை செய்தேன் அக்கா, உங்கள் இருமலை எடுப்பதற்கு. எடுத்து முடித்துவிட்டு ‘இப்போது நன்றாகக் கேட்கிறது’ என்று சந்தோசப்பட்டேன். தடிமன் காய்ச்சலாக்கும் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

‘நாங்கள்’ என்று நீங்கள் சொன்னது மற்றப் பெண்களை என்றும், அன்றைக்கு நீங்கள் லீவு என்றும் நானே நினைத்துக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள்?

வவுனியா ஆஸ்பத்திரிக்கு யாருக்காகப் போனீர்கள்?

செந்தூரன்


செல்வபுரம்
04.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானும் பிள்ளையும் சுகம். நான் அவ்வளவு சுகமில்லை.

நான் உள்ளேதான் இருந்தேன். கதவுக்குக் கிட்ட என் மேசை. முதலில் கண் எரிந்தது, பிறகு தொண்டைக்குள் நெருப்பு வைத்தமாதிரி. கதவைத் தட்டினோம், குளறினோம். நானா சோற்றுப் பொட்டலங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாராம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து திறந்தார். வாயைப் பொத்த ஒரு துணிகூட இல்லாமல் உள்ளே வந்து முதலில் என்னைத்தான் இழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக இழுத்தார். பிரியந்தினியின் மேசை ஆகக் கடைசி. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து அவரும் விழுந்தார். அவர் வரும்போதே அவளுக்கு மூச்சில்லை.

இதை ஏன் சொல்லவில்லை என்கிறாயா? நீ மார்கழியில் போன் எடுத்துக் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, உந்த இன்சாப் எப்பிடியான ஆள்?” என்பது. ‘நீங்கள் உள்ளே நின்றீர்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. நிகழ்ச்சி வந்த பிறகு இன்னும் பயம். சொன்னால் என்னையும் ஒரு கதையாக்கிவிடுவாய் என்று நினைத்தேன். சொந்தத் தம்பியை நினைத்துப் பயந்தேன், பார்.

நெஞ்சு இனிப் பழையபடி வராது என்று வவுனியாவில் டொக்டர் சொன்னார். உள்ளே நின்ற மற்றப் பெண்களுக்கும் இதே இழுப்புத்தான். மாடி ஏற முடியாது, அடுப்புப் புகை கூடாது. பிரியந்தினி செத்ததால் அவளைப் பற்றிக் கதை வந்தது. நாங்கள் சாகாமல் இருமிக்கொண்டிருக்கிறோம். இது நாலாவது நிமிசத்தில் ஆட்கள் எழும்பிப் போகிற கதைதானே.

நீ அழாதே. எனக்குத் தெரியும், அழுவாய்.

அக்கா


ஸ்காபரோ
27.09.2024

அன்பின் அக்காவுக்கு,

மருந்தை ஒழுங்காகப் பாவிக்கிறீர்களா? அத்தானிடம் தனியாகக் கேட்பேன்.

பழையதை எடுத்துவிட்டேன். விளம்பரக்காரர் போய்விட்டார். போகட்டும். புதிதாக ஒன்று செய்தேன். மேளம் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. கதிரையை வெறுமையாக வைத்துவிட்டு, பூட்டச் சொன்னது யார், சாவி மறுத்தது யார், மணியைக் கழற்றியது யார் என்று கேட்டுக்கொண்டே போனேன். கம்பனிக்கும் எழுதினேன். ‘பாதுகாப்பே எங்கள் முதன்மை’ என்று ஒரு வரி வந்தது, கீழே ஒருவரின் பெயரும் இல்லை. அதையும் வாசித்தேன்.

முன்னையதைக் கேட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. ‘இந்த முறை வில்லன் எங்கே, நித்திரை வருகிறது’ என்று எழுதுகிறார்கள்.

அதனால் ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். றிஸானாவின் பள்ளிக்கூடத்தில் நின்று நான் மன்னிப்புக் கேட்பதைப் படம் பிடித்துப் போட்டால் நிச்சயம் கன பேர் பார்ப்பார்கள். இன்சாப் நானாவின் பெயரும் துப்புரவாகும். என்ன சொல்கிறீர்கள்?

தம்பி


செல்வபுரம்
14.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

மருந்து பாவிக்கிறேன். அத்தானை வேவு பார்க்க வைக்காதே.

உனக்கென்ன விசரா? மன்னிப்புக் கேட்கிறதையும் ஒரு நிகழ்ச்சியாக்கப் பார்க்கிறாயே! அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னொரு தரம் உலகத்துக்குக் காட்டுவதற்கா விமானம் ஏறி வருகிறாய்?

நீ வா. நவம்பர் நடுப்பகுதியில் லொறி வருகிறது, அதற்கு முதல் வா. கமராவும் மைக்கும் அங்கேயே கிடக்கட்டும். பள்ளிக்கூட அதிபரோடு நான் கதைத்துவிட்டேன். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, நான் பிழையாகச் சொன்னேன் என்று உன் வாயால் சொல்லு. இங்கே கெட்ட பெயரை இங்கேதான் திருத்தலாம்.

உனக்கு நண்டு சமைக்கமாட்டேன், சொல்லிவிட்டேன். மீன்தான்.

அக்கா


செல்வபுரம்
20.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அத்தான் சொன்னார். இங்கே மழை விடாமல் பெய்கிறது. ஈரத்துக்கு எனக்கு இழுப்புக் கொஞ்சம் கூட, மற்றப்படி இருக்கிறேன். இனி உனக்குச் சும்மா சுகம் என்று எழுதமாட்டேன்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்கு நீ பிள்ளைகளுக்கு முன்னால் நாலு வசனம் சொல்லித் திக்கித் திணறி நின்றாயே, அதை ஊரெல்லாம் இன்னும் கதைக்கிறது. நிகழ்ச்சியில் கேட்கிற குரல் இல்லையாம், ஏதோ சாதாரண பெடியனின் குரலாம். வகுப்பில் இப்போது ஒருவரும் மேசையில் தட்டுவதில்லை.

நீ போன அடுத்த நாள் லொறி வந்தது. அலுமாரியைப் பாதி தூக்கிய பிறகு நானா இறக்கச் சொல்லிவிட்டார். லொறிக்காரன் ஏசின ஏச்சு நாலு வேலி தாண்டிக் கேட்டது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நீயும் எதிர்பார்க்காதே. “பிள்ளை பள்ளிக்கூடம் போறன் எண்டு வெளிக்கிட்டு நிக்கிறாள், அவளுக்காக நிக்கிறம்” என்றார். நேற்று ஜொஹறா வந்து என்னைக் குசினியில் இருத்திவிட்டுத் தானே தேத்தண்ணி போட்டா. அழுதுவிட்டேன்.

இன்னொரு செய்தி. நண்டுக் கம்பனி திறந்துவிட்டது. பச்சை நிறம் அடித்து வேறு பெயர் போட்டிருக்கிறார்கள், ஆட்கள் அதே ஆட்கள்தான். வேறு வேலை எங்கே இருக்கிறது, பெட்டையள் போகிறார்கள். நானும் போய்க் கேட்டேன். இருமுகிறவர்களை எடுக்கமாட்டார்களாம், சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடமாம், சுகாதாரமாம்.

சதை எடுக்கிற அறைக்குப் புதுக் கதவு, புதுப் பூட்டு. கழற்றிய மணியை இன்னும் பொருத்தவில்லை. மேற்பார்வைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கலியாணம் முடித்து இரண்டு மாதம், நல்ல பணிவான பிள்ளை, என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். சாவி அவருடைய பொக்கற்றில் இருக்கிறது.

அவருடைய பெயரை நான் உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா தாட்சாயினி